உரம் போட்ட மறுநாள் மழை: மண் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

உரமிட்ட மண்ணிலிருந்து கிளம்பிப் புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

போன ஆண்டைவிட இந்த ஆண்டு மொத்த மழை குறைவு. தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் அதே அளவுதான். ஆனாலும் எங்கள் சோதனைத் திடலில் நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக வந்திருக்கிறது. அளவீட்டில் தவறா?
— வேளாண் மாணவி

அளவீடு சரியாகவே இருக்கலாம். ஆண்டு மழை எத்தனை மில்லிமீட்டர் என்பது நுண்ணுயிரிக்குத் தெரியாது. இந்த நிமிடத்தில் தன்னைச் சுற்றி எவ்வளவு ஈரம், எவ்வளவு நைட்ரேட், எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு.

இரண்டு வழிகளில் இந்த வாயு பிறக்கிறது. ஒன்று, நைட்ரேட்டாதல்: காற்றோட்டமுள்ள மண்ணில் பாக்டீரியாக்களும் அவற்றைப் போன்ற ஒற்றைச்செல் நுண்ணுயிரிகளான ஆர்க்கியாக்களும் அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும்போது கொஞ்சம் ஓரமாகக் கசிகிறது. மற்றொன்று, நைட்ரேட் நீக்கம்: ஆக்சிஜன் தட்டுப்பாடான இடத்தில் பாக்டீரியாக்கள் மூச்சுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. நைட்ரேட், நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, கடைசியில் தீங்கற்ற நைட்ரஜன் வாயு என்று படிப்படியாக இறங்கும். கடைசிப் படி நடக்காமல் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு அப்படியே வெளியேறும்.

இனி உங்கள் திடலுக்கு வருவோம். மேல்மண் 10 செ.மீ. ஆழம் என்றும், அதில் பாதி துளைவெளி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளைகள் மொத்தம் 50 மி.மீ. நீரைக் கொள்ளும். இப்போது 20 மி.மீ. நீர் இருக்கிறது, அதாவது துளைகளில் 40 சதவீதம் நீர். ஒரு 10 மி.மீ. மழை பெய்தால் அது 60 சதவீதம் ஆகும். அது காய்ந்த பிறகு இன்னொரு 10 மி.மீ. பெய்தால் மறுபடியும் 60தான். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து கொட்டினால் 80. கீழே வடிவதைக் கழித்தாலும் 70ஐத் தாண்டிவிடும். 60 சதவீதத்தை ஒட்டி நைட்ரேட்டாதல் கொழிக்கும், வெளியேற்றம் மிதமாக இருக்கும். 70 முதல் 80 சதவீதத்தில் நைட்ரேட் நீக்கம் வேகமெடுத்து நைட்ரஸ் ஆக்சைடு உச்சம் தொடும். அதற்கும் மேலே போய் முழுக்க நனைந்துவிட்டால் கடைசிப் படியும் நடந்து பெரும்பகுதி நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். மழை அதே 20 மி.மீ., வந்த விதம்தான் வேறு.

மழை குறைந்த ஆண்டில் இன்னொன்றும் நடக்கும். பயிர் வாடும், தழைச்சத்தை எடுக்காது. எடுக்காதது நைட்ரேட்டாக மண்ணில் தங்கி அடுத்த பெருமழைக்குக் காத்திருக்கும். உங்கள் பதிவேட்டில் உரமிட்ட தேதியையும் 20 மி.மீ.க்கு மேல் மழை பெய்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆண்டு வெளியேற்றத்தின் பெரும்பங்கு அப்படிப்பட்ட சில நாட்களில்தான் கிடக்கும்.

துளைகளில் எத்தனை சதவீதம் நீர் என்பதை ஆய்வகக் கருவி இல்லாமல் கணக்கிட முடியுமா?
— பள்ளி ஆசிரியர்

ஒரு தராசும், 105 டிகிரி செல்சியஸ் தாங்கும் அடுப்பும், கொள்ளளவு தெரிந்த உலோக வளையமும் போதும். வளையத்தை மண்ணில் நேராக இறக்கி, மண் கலையாமல் எடுத்து எடைபோடுங்கள். 24 மணி நேரம் 105 டிகிரியில் உலர்த்தி மறுபடி எடைபோடுங்கள். உலர் எடையை வளையத்தின் கொள்ளளவால் வகுத்தால் பருமன் அடர்த்தி கிடைக்கும். எடைக் குறைவை உலர் எடையால் வகுத்தால் ஈரப்பதம்.

எடுத்துக்காட்டாக, பருமன் அடர்த்தி 1.3, ஈரப்பதம் 0.25 என்று வந்தால், கன அளவில் நீர் 1.3 × 0.25 = 0.325. மண் துகளின் அடர்த்தியைப் பொதுவாக 2.65 என்று எடுப்பார்கள். ஆகவே துளைவெளி 1 − (1.3 ÷ 2.65) = 0.51. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.64. அதாவது 64 சதவீதம்.

பெரும்பாலோர் சறுக்குவது பருமன் அடர்த்தியில். பருவத் தொடக்கத்தில் ஒரே முறை அளந்துவிட்டு அதையே கடைசிவரை வைத்துக்கொள்கிறார்கள். உழுத மண் ஒரு பெருமழையிலேயே அமுங்கிவிடும். 1.1 ஆக இருந்தது 1.3 ஆகிவிட்டால், அதே 0.25 ஈரப்பதத்துக்கு விடை 47இலிருந்து 64க்குத் தாவிவிடும். அங்கக மட்கு மிகுந்த மண்ணுக்கு 2.65ம் பொருந்தாது, அதைவிடக் குறைவாக எடுக்க வேண்டும்.

சிரிப்பூட்டும் வாயு என்பது இதுதானா? இதற்கு ஏன் இவ்வளவு கவலை?
— கல்லூரி மாணவர்

அதேதான். வளிமண்டலத்தில் ஏறிவிட்டால் நூறு ஆண்டுக்கு மேல் தங்கும். நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடிக்கு சுமார் 270 பங்காக இருந்தது, இப்போது 335ஐத் தாண்டிவிட்டது. மேலடுக்கில் ஓசோனையும் அரிக்கிறது. இன்று மனிதர் வெளியேற்றும் வாயுக்களில் ஓசோனுக்கு அதிகம் கேடு செய்வது இதுவே என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

நீண்ட வறட்சிக்குப் பின் முதல் மழையில் ஏன் திடீரென்று எகிறுகிறது? உரமே போடாத நிலத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம்.
— கள ஆய்வாளர்

1958இல் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணைக் கொண்டு பர்ச் என்ற மண்ணியலாளர் விரிவாக எழுதியது இது. காய்ந்த மண் நனையும்போது அங்ககப் பொருள் திடுமென மட்குகிறது. அவர் பெயராலேயே பர்ச் விளைவு என்கிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். வறட்சியில் நுண்ணுயிரிகளில் ஒரு பகுதி மடிகிறது. தப்பியவை வற்றாமலிருக்கத் தம் செல்லுக்குள் கரைபொருளைச் சேர்த்துக்கொள்கின்றன. நீர் பட்டவுடன் மடிந்தவை கரைகின்றன, பிழைத்தவை சேர்த்ததைக் கொட்டிவிடுகின்றன. மண் கட்டிகள் நீரில் உடைந்து உள்ளே பூட்டிக் கிடந்த அங்ககப் பொருளும் வெளிப்படுகிறது. எளிதில் தின்னக்கூடிய கார்பன் ஒரே நேரத்தில் இவ்வளவு கிடைத்தால் மூச்சு வேகம் கூடும். கூடிய மூச்சு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். துளைகள் முழுக்க நிறையாதபோதே மண் கட்டிகளின் நடுவே ஆக்சிஜன் இல்லாத திட்டுகள் உண்டாகும். வறட்சியில் வேர் எடுக்காமல் விட்ட நைட்ரேட் அங்கேயே இருக்கிறது.

இதில் நேரமும் ஒரு பங்காளி. நைட்ரேட்டை உடைக்கும் முதல் நொதிகள் சீக்கிரம் தயாராகிவிடும். நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாக்கும் கடைசி நொதி, தாமிரம் கொண்டது, ஆக்சிஜன் பட்டால் ஒடுங்குவது, பின்தங்கியே வரும். அந்த இடைவெளியில் உண்டானதெல்லாம் வெளியே போகும். மழைக்கு மூன்றாம் நாள் கருவியைத் தூக்கிக்கொண்டு போனால் உச்சத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். முதல் சில மணி நேரத்திலேயே ஒரு அளவீடு, பிறகு ஒரு வாரம் நாள்தோறும் ஒன்று என்பது குறைந்தபட்சம்.

அடுத்தடுத்த நனைவுகளில் எகிறல் தணியும், கையிருப்பு தீர்வதால். உரமிட்ட நிலத்தில் கையிருப்பு தீர நாளாகும், அதனால் இரண்டாவது, மூன்றாவது மழையிலும் உச்சம் தெரியும். அதற்கு நேர்மாறாக, ஈரமான வெப்பமண்டலக் காட்டில் மழை நீண்ட காலம் குறைந்தால் வெளியேற்றமும் குறைகிறது. பிரேசிலின் டபஜோஸ் காட்டில் தரைக்கு மேல் தகடுகள் பரப்பி மழைக்காலத்தில் இலைவழி விழும் நீரில் ஏறக்குறைய பாதியைத் தடுத்தபோது அப்படித்தான் ஆனது. ஆகவே ‘மழை குறைந்தால் கூடும்’ என்றோ ‘குறையும்’ என்றோ பொதுவாகச் சொல்ல வராது.

உரத்தை இரட்டித்தால் வெளியேற்றம் இரட்டிக்குமா? இட்ட தழைச்சத்தில் ஒரு சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்ற கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்துமா?
— சூழலியல் வாசகர்

பயிர் எடுக்கும் அளவுவரை ஏறத்தாழ நேர்க்கோட்டில் ஏறும். அதைத் தாண்டியதும் பல நிலங்களில் கோடு மேல்நோக்கி வளைகிறது. கடைசியாகப் போட்ட 50 கிலோ முதலில் போட்ட 50 கிலோவைவிடக் கூடுதல் கேடு செய்யும். மண்ணில் நைட்ரேட் மிதமிஞ்சி இருந்தால் நுண்ணுயிரிகள் நைட்ரஸ் ஆக்சைடைத் தொடாமல் நைட்ரேட்டையே விழுங்கிக்கொண்டிருப்பதும் ஒரு காரணம். ஆண்டுக்கணக்கில் அம்மோனிய உரம் விழும் மண் புளித்துவிடுவது அடுத்த காரணம். அமிலத்தன்மை கூடினால் அந்தக் கடைசி நொதி சரியாக உருவாகாது. எனவே பத்தாண்டுச் சோதனையின் முடிவை முதலாண்டு முடிவிலிருந்து ஊகிக்காதீர்கள்.

ஒரு சதவீதம் என்பது ஐ.பி.சி.சி. (காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு) 2006இல் தந்த பொதுக் கணக்கு. 2019இல் அதையே பிரித்தார்கள்: ஈரமான காலநிலையில் இரசாயன உரத்துக்கு 1.6, மற்ற தழைச்சத்துக்கு 0.6, வறண்ட காலநிலையில் எல்லாவற்றுக்கும் 0.5 சதவீதம். இடும் உரம் ஒன்றே என்றாலும், ஈரத்தைப் பொறுத்து மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு.

ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து, ஒரு சதவீதம் என்றால் 1 கிலோ நைட்ரஜன், வாயு வடிவில். வாயுவின் எடை அதுவல்ல. நைட்ரஸ் ஆக்சைடின் மூலக்கூறு எடை 44, அதில் நைட்ரஜன் 28; ஆகவே 44 ÷ 28 ஆல் பெருக்கினால் 1.57 கிலோ, அதை 273ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இந்த 1.57ஐ மறந்தவர்களின் அறிக்கைகள் எத்தனையோ.

மண்ணின் மேல் மூடுபெட்டி கவிழ்த்து, உள்ளே சேரும் வாயுவை அளக்கப் போகிறோம். எங்கெல்லாம் தவறு வரும்?
— முனைவர் பட்ட மாணவர்

ஏறக்குறைய எல்லா இடத்திலும். பெட்டி உட்காரும் அடிவளையத்தை மண்ணில் 5 முதல் 10 செ.மீ. இறக்கி, குறைந்தது ஒரு நாளாவது விட்டுவிட்டு அளக்கத் தொடங்குங்கள். இறக்கும்போது அறுபடும் வேர்களும் கலையும் மண்ணும் முதல் நாள் பொய் சொல்லும். வளையத்தின் பக்கத்தில் கால் வைத்து நிற்காதீர்கள், மண்ணுக்குள் இருக்கும் வாயு பெட்டிக்குள் பிதுங்கிவிடும். பலகை போட்டு நில்லுங்கள்.

வெயிலில் உள்ளே சூடேறாதபடி பெட்டிக்கு வெளியே வெள்ளை அல்லது பளபளப்பான உறை வேண்டும். காற்றழுத்தம் சமமாக ஒரு மெல்லிய குழாய்த் துவாரம் வேண்டும். மூடியதும் 0, 15, 30, 45ஆம் நிமிடங்களில் ஊசிக்குழலால் 20 மி.லி. எடுத்து, முன்பே வெற்றிடமாக்கிய 12 மி.லி. குப்பிக்குள் அழுத்திச் செலுத்துங்கள். உள்ளே அழுத்தம் மிகுந்திருந்தால் வெளிக்காற்று கசிந்து நுழையாது. செறிவு தெரிந்த வாயுவை அதே குப்பிகள் சிலவற்றில் அடைத்து மாதிரிகளுடனேயே பயணிக்க விடுங்கள். ஆய்வகத்தில் அதன் அளவு மாறியிருந்தால் உங்கள் மாதிரிகளும் மாறியிருக்கும். காலை 10 மணியை ஒட்டி அளந்தால் அன்றைய சராசரி வெப்பநிலைக்கு அருகில் இருப்பீர்கள்.

கணக்கு: பெட்டி உயரம் 20 செ.மீ. நூறு கோடிக்கு 337 பங்காக இருந்தது அரை மணியில் 437 ஆனது. மணிக்கு 200 பங்கு ஏற்றம். 25 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் 40.9 மோல். பெருக்கி, 0.2 மீட்டர் உயரத்தாலும் 28ஆலும் பெருக்கினால், சதுர மீட்டருக்கு மணிக்கு சுமார் 46 மைக்ரோகிராம் நைட்ரஜன். பெட்டிக்குள் செறிவு ஏற ஏற மண்ணிலிருந்து வருவது மந்தமாகும். கோடு வளைந்து படுத்தால், நேர்க்கோடு பொருத்துவது அளவைக் குறைத்துக் காட்டும், வளைகோட்டுச் சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள். நான்காவது புள்ளி அதற்குத்தான்.

எல்லாவற்றையும் விட மோசமானது, வளையத்துக்குள் உரம் இடும் விதம். 30 செ.மீ. விட்டமுள்ள வளையத்தின் பரப்பு 0.0707 ச.மீ. ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து என்றால் உள்ளே விழ வேண்டியது 0.71 கிராம் நைட்ரஜன், அதாவது 46 சதவீத யூரியா 1.54 கிராம். திடல் முழுக்க வீசி வளையத்துக்குள் எவ்வளவு விழுந்ததோ என்று விட்டால், உள்ளே 1 கிராமும் இருக்கலாம் 3 கிராமும் இருக்கலாம். வளையத்தை மூடி வைத்து வெளியே வீசுங்கள், உள்ளே எடைபோட்டு நீரில் கரைத்து ஊற்றுங்கள். கரைக்கும் நீரின் அளவையே உரமிடாத வளையத்துக்கும் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் உரத்தை அளக்கவில்லை, ஈரத்தை அளக்கிறீர்கள்.

மழையைக் கூட்டியும் குறைத்தும், தழைச்சத்து சேர்த்தும் சேர்க்காமலும் சோதனை அமைக்க வேண்டும். கூரை அமைப்பது எப்படி?
— ஆய்வுக் குழு

குறைந்தபட்சம் நான்கு வகைத் திடல்: ஒன்றும் செய்யாதது, தழைச்சத்து மட்டும், மழை மாற்றம் மட்டும், இரண்டும். ஒவ்வொன்றும் நான்கு முறை, ஆக 16. மூன்றாவதை விட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து பெருக்கினவா, வெறுமனே கூட்டினவா என்று சொல்ல முடியாது. நான்கும் முறையே 0.5, 1.5, 0.8, 3.0 என்று வந்தால், கூட்டல் கணக்கில் நான்காவது 1.8 ஆகத்தான் இருக்க வேண்டும். மீதி 1.2 இரண்டும் கைகோத்ததால் வந்தது. அதை அறியவே சோதனை.

பாதி மழையைத் தடுக்க, கூரைப் பரப்பில் பாதிக்கு ஒளி ஊடுருவும் வளைதகடுகளைச் சரிவாக வைத்து நீரை வெளியே ஓட்டுங்கள். தகடுகள் தரையிலிருந்து போதிய உயரத்தில் இருக்கட்டும், பக்கங்களை அடைக்காதீர்கள், காற்றோட்டம் நின்றால் வெப்பநிலை மாறும். தகடு வெளிச்சத்தையும் சிறிது மறைக்கும். அதனால் மழை தடுக்காத திடல்களிலும் அதே தகடுகளைக் குப்புற வைத்து, நீர் உள்ளேயே வழியும்படி அமையுங்கள். திடலைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டி நெகிழித் தாளைச் செங்குத்தாகப் புதைத்தால் பக்கவாட்டில் நீர் நுழையாது. ஓரத்தில் ஒரு மீட்டரை அளவீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

மழையின் அளவை மாற்றுகிறீர்களா, இடைவெளியை மாற்றுகிறீர்களா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். தடுத்த நீரைப் பிடித்துவைத்து, மூன்று நாளுக்கொரு முறை கொஞ்சமாகவா, பதினைந்து நாளுக்கொரு முறை மொத்தமாகவா ஊற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடையே தலைகீழாகும். காற்றிலிருந்து படியும் நைட்ரஜனைப் போலச் செய்ய விரும்பினால் ஆண்டு அளவை ஒரே நாளில் தெளிக்காமல் மாதாமாதம் பிரியுங்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1988இல் தொடங்கிய நீண்டகாலச் சோதனையிலும் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 50, 150 கிலோ என்ற இரு அளவுகளைத் தவணைகளாகவே தெளித்தார்கள்.

தொழு உரம் இட்டால் இந்தத் தொல்லை இல்லைதானே?
— விவசாயி

எருவின் வகையையும் மண்ணின் ஈரத்தையும் பொறுத்தது. நன்கு மட்கிய எருவில் தழைச்சத்து மெதுவாகவே விடுபடும், வெளியேற்றமும் குறையும். பச்சைச் சாணக்கரைசலையோ கோழி எருவையோ நனைந்த மண்ணில் கலந்தால், நைட்ரேட் நீக்கத்துக்கு வேண்டிய எளிய கார்பனும் தழைச்சத்தும் சேர்ந்தே கிடைத்துவிடும், சில வேளை யூரியாவையும் மிஞ்சும்.

பெருமழை வரும் என்று அறிவிப்பு. மேலுரத்தை மழைக்கு முன் இடலாமா? நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் என்ன ஆகும்?
— நெல் சாகுபடியாளர்

மழைக்கு முன் வேண்டாம். வடிந்து, மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்தபின் இடுங்கள். ஆனால் யூரியாவைக் காய்ந்த மண்ணின் மேல் வீசிவிட்டுப் போகவும் கூடாது, அம்மோனியாவாகப் பறந்துவிடும். 10 முதல் 15 மி.மீ. மெல்லிய பாசனமோ தூறலோ அதை உள்ளே இறக்கும். தூறல் உதவி, கொட்டும் மழை கேடு. மொத்த அளவைத் தவணைகளாகப் பிரிப்பது, எந்த ஒரு நாளிலும் மண்ணில் நிற்கும் நைட்ரேட்டைக் குறைக்கும். நைட்ரேட்டாதலைத் தடுக்கும் டி.எம்.பி.பி., டி.சி.டி. போன்ற பொருட்கள் பல ஆய்வுகளைத் தொகுத்த 2010ஆம் ஆண்டுக் கணக்கில் சராசரியாக 38 சதவீதம் குறைத்திருக்கின்றன. மண் சூடாக இருந்தால் டி.சி.டி. சீக்கிரம் சிதையும், அந்தப் பலனை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். யூரியா உடைவதைத் தடுக்கும் என்.பி.பி.டி. வேறு ரகம், அது அம்மோனியா இழப்புக்கானது.

நெல்லில், எப்போதும் தேங்கிய நீர் மீத்தேனைக் கூட்டும், நைட்ரஸ் ஆக்சைடைக் குறைக்கும். காயவிட்டால் கதை மாறும். ஐ.பி.சி.சி.யின் 2019 கணக்கில் தொடர்ந்து நீர் நிற்கும் வயலுக்கு 0.3, வடித்துவிடும் வயலுக்கு 0.5 சதவீதம். மீத்தேனில் கிடைக்கும் ஆதாயம் பெரும்பாலும் இதைவிடப் பெரிது, எனவே காய்ச்சலும் பாய்ச்சலும் நல்லதே. துளையிட்ட குழாயில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சுங்கள். யூரியாவை அந்தப் பாய்ச்சலுக்குச் சற்று முன் இட்டு, நீரைச் சில நாள் வடியவிடாமல் நிறுத்துங்கள். உரமிட்ட உடனே வயலைக் காயவிடுவதுதான் தவறு.

சில நாட்களில் அளவீடு எதிர்மறையாக வருகிறது. அவற்றை நீக்கிவிடலாமா?
— முனைவர் பட்ட மாணவர்

நீக்காதீர்கள். நைட்ரேட் தீர்ந்த ஈர மண் காற்றிலிருக்கும் நைட்ரஸ் ஆக்சைடையே இழுத்து நைட்ரஜனாக்குவது உண்டு. தவிர, வெளியேற்றம் சுழியை ஒட்டிய நாட்களில் கருவியின் தடுமாற்றம் மேலும் கீழும் சமமாக விழும். கீழே விழுந்ததை மட்டும் வெட்டினால் ஆண்டுச் சராசரி தானாகவே ஏறிவிடும். குப்பி கசிந்தது, முதல் மாதிரியே எகிறியது போன்ற காரணம் தெரிந்தால் மட்டும் நீக்குங்கள், அதே விதியை நேர்மறை அளவீடுகளுக்கும் பயன்படுத்துங்கள்.